1816ஆம் ஆண்டின் கூழ்

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றது. சரித்திரத்தில் எனக்கு ஒரே ஒரு ஆண்டுதான் தெரியும். 1816. அதுவும் இங்கே வந்து, அகப்பை பிடித்துத் தெரிந்துகொண்டது.

ஜெர்மனியில் ஹம் நகரத்திலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு சின்ன ஊர் வரும். ஒரு தேவாலயம், சில குதிரைகள், மிச்சமெல்லாம் சோளக்காணி. ஊர் நடுவில் ஒரு பழைய சாப்பாட்டுக்கடை. கீழே குசினி, கடை, பெரிய மண்டபம். மேலே வீடு. நடத்தியவர் வயதாகி விட்டுப்போன பிறகு அது பூட்டிக் கிடந்தது. ஊர்ச் சங்கம் அதை வாங்கிவைத்துக்கொண்டு குத்தகைக்கு ஆள் தேடியது.

நான் அப்போது ஹம்மில் ஒரு தொழிற்சாலை கன்டீனில் சமைத்தேன். அதற்கு முன் டோர்ட்மண்டில் கோப்பை கழுவினேன். ஜெர்மனிக்கு வந்த நாள் தொடக்கம் அடுத்தவன் குசினிதான். அந்த கன்டீனும் புது வருடத்தோடு மூடப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை. அங்கே கிடந்த பேப்பரில் அவள்தான் விளம்பரத்தைக் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, எழுதிப் போடுவமே?"

"எங்களுக்குத் தருவினமே?"

"தராட்டி ஒண்டும் குறையாது. போடுங்கோ."

போட்டேன். வந்து சந்திக்க டெர்மின் தந்தார்கள். இரண்டு பேரும் போனோம்.

சங்கத் தலைவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. பெரிய சிரிப்பு. ஜெர்மன்காரர் பேசியதை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

அவர் குசினியைக் காட்டினார். அடுப்புகள் நல்ல அடுப்புகள். மேலே வீட்டைக் காட்டினார். மனைவி ஒரு மூலையில் கொஞ்ச நேரம் நின்றாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று ஜன்னலால் பார்த்தாள். சாமிப் படம் வைக்க இடம் பார்த்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. இனி இந்தக் கடை கிடைக்காவிட்டால் வீட்டில் பெரிய துக்கம்தான்.

கடைசியாக மண்டபம். அதன் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் 1816 என்று செதுக்கியிருந்தது. பலகைக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கறுப்பாக, குழந்தையின் கைமுஷ்டி அளவில் ஏதோ ஒன்று.

"இதென்ன கல்லு?" என்று மனைவி என்னிடம் தமிழில் கேட்டாள்.

கேள்வி தலைவருக்கு விளங்கிவிட்டது. "பாண்," என்றார். "அந்த வருசம் மா விலை ஏறி, பேக்கரிக்காரன் விக்கிற பாண் இவ்வளவுக்குச் சுருங்கிப் போச்சு. எத்தினையோ எலி வந்து போன வீடு இது. ஒரு எலியும் இதைத் தொடேல்ல."

பிறகு கதையைச் சொன்னார். அதற்கு முதல் வருடம் இந்தோனேசியாவில் ஒரு மலை வெடித்ததாம். சாம்பல் வானமெல்லாம் பரவிவிட்டதாம். அடுத்த வருடம் இந்த ஊருக்குக் கோடையே வரவில்லை. யூலை மாதத்திலும் குளிர். மழை விடவில்லை. தானியம் நின்ற இடத்திலேயே அழுகிப்போனது. சனம் புல்லையும் அவித்துத் தின்றதாம்.

சொல்லிமுடித்து என்னைப் பார்த்தார். "உங்கட பக்கத்து மலை."

"எங்கட பக்கம் இல்லை. அது இன்னும் கிழக்கால."

"இஞ்சயிருந்து பாத்தா எல்லாம் ஒரே பக்கம்தான்," என்று மீசை ஆடச் சிரித்தார். நானும் சிரித்தேன். மலைக்காக நான் என்ன சண்டையா பிடிக்கிறது.

ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு ஞாயிறு மத்தியானம் ஊரே இந்த மண்டபத்தில் கூடி உட்காரும். அந்த வருடத்துக் கூழைக் குடிக்கும். ஆளுக்கு ஒரு அகப்பை. இரண்டாவது கிடையாது. குடித்து முடித்தவர் கிண்ணத்தை மேசையில் கவிழ்த்து வைப்பார். பிறகு பசியோடு வீட்டுக்குப் போவார்கள். கடையை எடுப்பவர் இந்தக் கூழைச் சமைக்க வேண்டும்.

"இந்த வருசம் நீங்கள் சமையுங்கோ," என்றார் தலைவர். "அண்டைக்குப் பின்னேரமே நாங்கள் கூடி முடிவு சொல்லுவம்."

"வேற ஆக்கள் கேக்கேல்லையே?"

"ஒரு பிட்ஸாக்காரர் வந்தவர். கூழ்க் கதையைக் கேட்டார். பிறகு ஆளைக் காணேல்ல."

அந்தக் கூழை அதுவரை சமைத்து வந்தவர் ஒரு விவசாயியின் மனைவி. கணவர் இறந்துவிட்டார். அவருக்கும் வயது போய்விட்டது. கை மூட்டு நோவில் பெரிய சட்டியைத் தூக்க ஏலாமல் போய்விட்டது. நாங்கள் எங்களுக்குள் அவரைக் கூழ்க்கார அம்மா என்றோம். அடுத்த கிழமை குசினிக்கு வந்தார். காலில் ரப்பர் சப்பாத்து. முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஓட்ஸ். தோலோட உருளைக்கிழங்கு. மாட்டுக்குப் போடுற இந்தப் பெரிய கிழங்கு. மிச்சம் தண்ணி," என்றார். "உப்பு ஒரு கிள்ளு. எண்ணெய் இல்லை. வெங்காயம் இல்லை. தண்ணியா இருக்கவேணும். நல்லா இருக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம்," என்றேன்.

மனைவியும் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை நான் சரியாகப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள், "அந்த மனிசி நல்ல மனிசி."

"ஏன்?"

"எங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதெண்டு பாருங்கோ, எண்ணெயும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாமெண்டு சொல்லுறா."

"அவ மெய்யாத்தான் சொல்லுறா."

"ஆர் மெய்யாச் சொல்லுறது? எங்கட வீட்டுக்கு வாற ஆக்கள் என்ன சொல்லுவினம்? ஐயோ ஒண்டும் வேண்டாம், ஒரு தேத்தண்ணி காணும் எண்டுவினம். அதைக் கேட்டுப்போட்டு வெறும் தேத்தண்ணியோட ஆரையும் அனுப்பியிருக்கிறமே?"

"இது ஜெர்மன்காரர்."

"ஜெர்மன்காரருக்கு நாக்கு இல்லையே? சமைக்கத் தெரியுமோ எண்டு எங்களைப் பாக்கினம். நீங்கள் சும்மா இருங்கோ."

நான் சும்மா இருந்தேன். எனக்கு அது பழக்கம்.

அந்த ஞாயிறு, தீபாவளி கழித்து வந்த ஞாயிறு. காலையிலேயே மனைவியின் தம்பி டோர்ட்மண்டிலிருந்து வந்துவிட்டான். கோயிலில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய கிடாரத்தைக் கேட்டு வாங்கி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே தோளில் ஒரு பை.

கிடாரத்தை எட்டிப் பார்த்தான். ஓட்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"அத்தான், உண்மையச் சொல்லுங்கோ. மாடு எத்தினை மணிக்கு வருது?"

"வாயை மூடு. கிளறு."

"கிளறுறன். ஆனா அத்தான், இதை ஆரும் வீடியோ எடுத்தா நான் இந்த இடத்தில இல்லை. சொல்லிப்போட்டன்."

கூழ் பதமாக வந்தது. அள்ளி வாயில் வைத்தேன். கூழ்க்கார அம்மா சொன்ன மாதிரியே இருந்தது. ஒன்றுமே இல்லை. உப்பு எங்கோ தூரத்தில் இருந்தது.

மனைவியும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "இதைக் குடுத்தா நாளைக்கு எந்த மனிசர் எங்கட கடைக்கு வருவினம்?"

அந்த நேரம் மண்டபத்தில் சனம் உட்காரும் வாங்குகளை இழுத்துப்போட வரச்சொல்லித் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும்," என்றேன் மனைவியிடம். "அதுக்குள்ள ஒண்டும் போடாதையும்."

"நான் என்ன போடப்போறன்?"

தம்பியின் பையைப் பார்த்தேன். பை மூடியிருந்தது. போய்விட்டேன்.

தேவாலயத்தில் பூசை முடிந்து மணி அடித்தது. சனம் வரத்தொடங்கியது. நல்ல உடுப்பு ஒன்றும் இல்லை. எல்லோரும் பழைய கோட்டோடு வந்தார்கள். அதுவும் அந்த நாளின் வழக்கம். சத்தம் போடாமல் உட்கார்ந்தார்கள். முன்னால் வெறுங் கிண்ணம். கூழ்க்கார அம்மா பலகைக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார்.

நான் கடைசி வாங்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் குசினிப் பக்கமிருந்து வந்தது. முதலில் கடுகு வெடிக்கும் சத்தம். பிறகு பெருஞ்சீரகம். கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமாகும் வாசம். சனம் மூக்கை நிமிர்த்தியது. மூன்றாவது மேசையில் ஒருவர் தும்மினார். அவர் மனைவியும் தும்மினார். செத்தல் மிளகாய்த் தும்மல் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

வாங்கைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன். மனைவியின் கையில் தாளிச்ச சட்டி. சட்டி வெறுமையாக இருந்தது. கூழின் மேல் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம்தான் அத்தான்," என்றான் தம்பி.

"கொஞ்சமெண்டா எவ்வளவு?"

"கிடாரத்துக்கு அளவா."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. "இப்ப குடிச்சுப் பாருங்கோ," என்றாள்.

குடித்தேன். நல்லாயிருந்தது. அதுதான் பிரச்சினை.

தலைவர் கதவால் தலையை நீட்டினார். "தயாரோ? சனம் இருந்திட்டுது." மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். திரும்பிப் போனார். வேறு கூழ் காய்ச்ச நேரம் இல்லை. தம்பியும் நானும் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆளுக்கு ஒரு அகப்பை வார்த்தேன். முதல் கரண்டி. யாரோ செருமினார். யாரோ தண்ணீர் கேட்டார். பிறகு கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அது வேகமாகக் கேட்டது. நான் கன்டீனில் நிறையப் பேருக்குச் சாப்பாடு போட்டவன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஒரு சின்னப் பெண்பிள்ளை உரக்கச் சொன்னாள், "அம்மா, இந்த வருசம் பசி நல்லாயிருக்கு!"

தாய் அவள் வாயைப் பொத்தினாள். ஆனால் பக்கத்து மேசை சிரித்துவிட்டது.

கிண்ணங்களைக் கவிழ்க்க வேண்டிய நேரம் வந்தது. ஒருவரும் கவிழ்க்கவில்லை. ஒரு கிழவர், கை மரவேர் மாதிரி, மெதுவாகத் தன் கிண்ணத்தை என்னை நோக்கி நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை. பிறகு அந்த வரிசை முழுதும். நான் அகப்பையோடு அப்படியே நின்றேன். வார்த்தால் அவர்களுடைய வழக்கம் கெடும். வார்க்காவிட்டால் நீட்டின கையை எப்படித் தட்டுவது.

கூழ்க்கார அம்மாவைப் பார்த்தேன். அவர் தன் ஒரு அகப்பைக் கூழைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நீட்டின கைகள் எல்லாம் திரும்பிப் போயின. பிறகு அவர் எழும்பி, நேரே குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

மனைவி அடுப்படியில் நின்றாள். அம்மா அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"நான் என்ன சொன்னனான்?"

"எண்ணெய் இல்லை. வெங்காயம் இல்லை," என்றாள் மனைவி. குரல் சின்னதாக வந்தது.

"பிறகு?"

"நீங்கள் மரியாதைக்குச் சொல்லுறியள் எண்டு நினைச்சன். வீட்டுக்கு வாற ஆக்களுக்கு அப்பிடி வெறுமையாக் குடுக்க எனக்குக் கை வரேல்ல."

அம்மா ஒரு கதிரையை இழுத்துப்போட்டார். அதில் உட்கார்ந்தார்.

"எங்கட வீட்டில அந்த வருசக் குளிருக்குள்ள இரண்டு பிள்ளைகள் செத்துப்போனது. ஆர் பெத்ததெண்டு எனக்குத் தெரியும், எந்த அறையில கிடந்ததெண்டும் தெரியும். அதுக்குத்தான் இந்த ஒரு அகப்பை. வருசத்தில ஒரு நாள் நாங்கள் விருந்தாளி இல்லை. பசிச்ச ஆக்கள்."

மனைவிக்கு அது விளங்கியது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவள், தாளிச்ச சட்டியை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள்.

எங்களுக்கும் ஊரில், சண்டைக்குள், ஒரு வருடம் இருந்தது. உப்பில்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்ற வருடம். அதற்குப் பலகை இல்லை.

அம்மா எழும்பிக் கூட்டத்துக்குப் போனார். மண்டபத்தின் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் கிண்ணம் கழுவினோம்.

தம்பி கிடாரத்தைத் தேய்த்தான். அவன் வாய் சும்மா இராது. "அக்கா, கடை போச்சு. கிடாரமாவது மிஞ்சிச்சு."

"வாயை மூடடா."

"நீங்கள்தானே கறிவேப்பிலை கொண்டுவாவெண்டு போன் அடிச்சனீங்கள்."

"பெருஞ்சீரகத்தையும் நானே கேட்டனான்? அது உன்ர வேலை."

"அது இல்லாட்டி மணக்காது அக்கா."

நான் துடைத்தேன். துடைத்த கிண்ணங்களை அடுக்கினேன். மனதுக்குள் அந்தக் குசினியை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். நல்ல அடுப்புகள். மனைவி மேல்வீட்டுப் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

கதவுக்குப் பின்னால் முதலில் ஒரு குரல் உரத்துக் கேட்டது. பிறகு வேறு குரல்கள். ஒரு நேரம் பெரிய சிரிப்பு. சிரிப்பு நல்லதுக்கோ கெட்டதுக்கோ என்று தெரியவில்லை. தம்பி தேய்க்கிறதை நிறுத்தினான். நான் அவனைப் பார்த்தேன். மறுபடி தேய்த்தான்.

தலைவரும் அம்மாவும் வந்தார்கள். தலைவரின் மீசை ஆடிக்கொண்டிருந்தது.

"நான் சங்கத்துக்குச் சொன்னனான்," என்றார். "இருநூறு வருசத்துக்கு முன்னம் அந்தப் பக்கத்திலயிருந்து ஒரு நெருப்பு வந்து எங்கட சாப்பாட்டைக் கெடுத்தது. இண்டைக்கு வந்தது இரண்டாவது. இது பரவாயில்லை எண்டு."

"அந்த மலை எங்கட பக்கம் இல்லை," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"பேசுறதை விடுங்கோ, நான் சொல்லுறன்," என்றார் அம்மா. மனைவியைப் பார்த்து விரலை நீட்டினார். "அந்த ஒரு நாளுக்கு நீர் சரிவரமாட்டீர். ஒருநாளும் சரிவரமாட்டீர். அண்டைக்கு நான்தான் சமைப்பன். சட்டி தூக்க உம்மட மனிசன் இருக்கிறார். நீர் குசினிக்குள்ள வரக்கூடாது."

மனைவி தலையைக் குனிந்தாள்.

"மிச்ச நாளெல்லாம்," என்றார் அம்மா, "உம்மட குசினி."

மனைவிக்கு உடனே விளங்கவில்லை. தம்பிக்குத்தான் முதலில் விளங்கியது. "அக்கா!" என்று கத்திக் கிடாரத்தைக் கீழே போட்டான். அந்தச் சத்தத்துக்கு மண்டபத்திலிருந்த சனம் எல்லாம் குசினி வாசலுக்கு வந்துவிட்டது. மனைவி சவர்க்காரக் கையோடு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. மரம் மாதிரி நின்றார். பிறகு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் கோட்டில் நுரை ஒட்டியிருந்தது. அவர் துடைக்கவில்லை.

நான் தலைவருக்குக் கை குடுத்தேன். அவ்வளவுதான். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் சோளக்காணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தது. அப்படி ஒரு வடிவான காணியை நான் பார்த்ததில்லை.

வசந்தத்தில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். இப்போது கடை ஓடுகிறது. ஊர்ச்சனம் தங்கள் சாப்பாட்டையும் கேட்கிறது, எங்கள் சாப்பாட்டையும் கேட்கிறது. அந்தக் கிழவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். மரக்கறி றொட்டி சாப்பிடுவார். இரண்டாவதைக் கேட்கும்போது பலகையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

கூழ் நாளில் அம்மா விடிய வருகிறார். அதே ரப்பர் சப்பாத்து. தம்பி வந்திருந்தால் வாசலிலேயே மறித்துப் பையைத் திறக்கச் சொல்கிறார். அவன் வேண்டுமென்றே பெரிய பையாகக் கொண்டுவருகிறான். உள்ளே ஒன்றும் இராது. போன வருடம் ஒரேயொரு கறிவேப்பிலை இருந்தது. அதை அவர் எடுத்து, முகர்ந்து பார்த்து, தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் கிடாரம் தூக்குகிறேன். மனைவி மண்டபத்தில் மற்றச் சனத்தோடு இருக்கிறாள், பழைய கோட்டோடு. அந்தக் கூழை ஒரு சொல் பேசாமல் குடிக்கிறாள். கிண்ணத்தைக் கவிழ்க்கிறாள். அந்த நேரம் நான் அவளைப் பார்ப்பதில்லை. அவளும் என்னைப் பார்ப்பதில்லை.

பிறகு சனம் எழும்பும். பசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் வழக்கம். போகிற வழி எங்கள் கடையால்தான். மனைவி அதற்குள் ஓடிப்போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு, முதல்நாளே செய்துவைத்த மட்டன் றோல்ஸ் தட்டோடு நிற்பாள். வருடத்தில் அன்றைக்குத்தான் எங்களுக்கு அதிக வியாபாரம். தலைவர் கடைக்குள்ளேயே நின்று சாப்பிடுவார். மற்றவர்கள் வெளியே ஒழுங்கையில் இறங்கும்வரை பொறுப்பார்கள். பிறகு பொறுக்க மாட்டார்கள்.

அம்மா கடைசியாக வருவார். வாங்கமாட்டார் என்று முதல் வருடம் நினைத்தேன். வந்து நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார், "இரண்டு கட்டித் தாரும். நாய்க்கு."

அவரிடம் நாய் இல்லை. ஊருக்கே தெரியும். மனைவி ஒன்றும் கேட்காமல் கட்டுவாள். போன வருடம் மட்டும் கேட்டுவிட்டாள்.

"நாய்க்கு உறைப்புக் கூடிப்போகாதே?"

"இல்லை," என்றார் அம்மா. "அது பழகிட்டுது."